துபாஷி நின்ற இடம்

போன சாரலின்போது தென்காசியில் ஓர் இலக்கியக் கூட்டம். பேச வந்த இளைஞர், திருவண்ணாமலை ரமணரைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் பால் பிரண்டனின் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் காலனியப் பார்வை, அவ்வளவுதான்" என்று சொல்லி மேஜைமேல் வைத்தார். நல்ல கைதட்டல். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் இதே புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "வெள்ளைக்காரர் வந்து எழுதின பிறகுதானே ரமணரை நாமே திரும்பிப் பார்த்தோம்" என்றார் ஒரு பெரியவர். அன்றைக்கும் கைதட்டல். நானும் தட்டினேன்.

பெரியவர் பேச்சு பழசாகிவிட்டது, அதை விட்டுவிடலாம். இன்று சிற்றிதழ்களில் செல்லுபடியாவது இளைஞரின் வாசகம்தான். மேற்கிலிருந்து நம் கோயிலுக்கும் மலைக்கும் அருவிக்கும் வந்து எழுதியவர்களை எல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே 'காலனியப் பார்வை' என்று சீட்டு ஒட்டிவிட்டால் படிக்கிற வேலை மிச்சம். எனக்கு இதில் இருக்கிற சங்கடம் வேறு. பார்வை பார்வை என்று சொல்லும்போது பார்த்தவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். போற்றினாலும் அவன்தான், தூற்றினாலும் அவன்தான். அவன் பக்கத்தில் நின்று வழிகாட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சொன்னதைத் திருப்பிக் கேட்ட ஒரு ஆள், அந்தக் காலத்துச் சொல்லில் துபாஷி, இருந்தானே, அவன் எங்கே? காலனியம் இந்த எழுத்தில் விட்டுப்போன தழும்பைத் தேடுகிறவர்கள் அந்த ஆள் நின்ற இடத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

முதல் கட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். மயிலாப்பூரில் தோமையார் கல்லறைக்கு யாத்திரிகர் வருவதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். போர்ச்சுகீசியர் அங்கே தோண்டியும் பார்த்தார்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டபடி எழுதிய காலம் அது. பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியின் பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜர் எழுதி 1651-இல் வெளிவந்த புத்தகம் அப்படி அல்ல. மறைந்து கிடக்கும் பிற சமயத்துக்குக் கதவைத் திறக்கிறேன் என்று தலைப்பிலேயே சொல்கிறார். ஆனால் கதவைத் திறந்தது பத்மநாபன் என்ற பிராமணர். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பர்த்ருஹரியின் பாடல்கள் அவர் வாய் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போயின. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் எழுத்திலும் அவருக்குத் துணைநின்ற அழகப்பன் என்பவர் இருக்கிறார். இந்தப் பாதிரிமாருக்கு நம் சாமிகளைக் கண்டால் ஆகாது. ஆனாலும் யாரிடம் கேட்டோம் என்று சொல்லிவிடுகிறார்கள். கடன் வாங்கிய இடத்தைச் சொல்கிற நாணயம் அவர்களிடம் இருந்தது.

கம்பெனிக் கொடி உயர உயர இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. 1792-இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தெற்கே வந்தார்கள். குற்றாலம் அருவியையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். அச்சாகி லண்டனில் விற்ற அந்தச் சித்திரங்கள் அழகானவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டேனியல்களின் நிலக்காட்சிகளில் மனிதர் பெரும்பாலும் அளவுகோல். பாறை எவ்வளவு பெரிசு என்று காட்ட ஓரத்தில் ஒரு ஆள். குற்றாலத்துக் குறும்பலாவைச் சம்பந்தர் பாடியதும், பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையை ஒரு குறத்தியின் வாயில் வைத்துப் பாடியதும் அந்த ஓரத்து ஆளுக்குத் தெரிந்திருக்கும். கேட்பாரில்லை. கவிராயர் காலத்துக்கும் டேனியல்கள் காலத்துக்கும் இடையில் நூறு வருஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு குற்றாலம் துரைமாருக்கு உடம்பு தேற்றிக்கொள்ளும் ஊராயிற்று. பங்களாக்கள் வந்தன. ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். புண்ணியத் தீர்த்தம் சுகவாச ஸ்தலமாக மாறிய கதையைத் தனியாக யாராவது எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காற்று திசை மாறுகிறது. நம் சாமிகளைப் பழித்தவர்கள் போய், நம் சாமிகளைத் தேடி வருகிறவர்கள் வருகிறார்கள். நெல்லைச் சீமைக்கு இதில் ஒரு நல்ல காட்சி கிடைத்தது. 1881 அக்டோபரில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்தவர், இலங்கை பௌத்தர்கள் சிலரோடு தூத்துக்குடியில் இறங்கித் திருநெல்வேலிக்கு வந்து, நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் ஒரு தென்னங்கன்றை நட்டார். சைவருக்கும் பௌத்தருக்கும் நட்பாம். நடுவில் கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அமெரிக்கர். அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கைகுலுக்க வைக்கக் கடல் தாண்டி ஒருவர் வந்திருக்கிறார். எனக்கு இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் மரியாதையும் வருகிறது. பாளையங்கோட்டைப் பாதிரிமாரை எரிச்சல்படுத்திய ஒரு வெள்ளைக்காரரை நெல்லை ஜனங்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லோத்தியின் புத்தகம் 1903-இல் வந்தது. தலைப்பே 'இங்கிலீஷ்காரர் இல்லாத இந்தியா'. மதுரை, ஸ்ரீரங்கம் எல்லாம் பார்த்துக் கடைசியில் காசியில் போய் முடிகிறது. ஆண்டுகொண்டிருந்தவனையே படத்திலிருந்து வெட்டிவிட்டார். வண்டி ஓட்டினவனை வைத்திருப்பாரா? மொழி மயக்கும். மயங்கினதைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

ஹெர்மன் ஹெஸ்ஸேயை நாம் திருலோக சீதாராமின் தமிழில் படித்து உருகியவர்கள். அவர் 1911-இல் கப்பலேறி இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் போனாரே தவிர இந்திய மண்ணில் கால் வைக்கவில்லை. இதைச் சொல்லி ஹெஸ்ஸேயை மட்டம் தட்டுவது இப்போது ஒரு பழக்கம். ஆனால் அவருடைய தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட், மலையாள அகராதி செய்தவர், 1836-இல் இந்தியாவுக்கு வந்து தமிழ் கற்ற இடங்களில் ஒன்று திருநெல்வேலி. தாயார் பிறந்தது தலச்சேரியில். 'சித்தார்த்தன்' நாவலின் வேரைத் தேடிப் போனால் ஜெர்மன் தத்துவத்தோடு, நெல்லையில் ஒரு ஜெர்மானியப் பையனுக்கு 'ழ' சொல்லிக்கொடுக்கத் திணறிய ஏதோ ஒரு முன்ஷியின் திண்ணையும் தட்டுப்படும். அந்த முன்ஷியைப் பற்றி ஹெஸ்ஸே ஆய்வாளர் ஒருவராவது கவலைப்பட்டதாக நான் படித்ததில்லை.

ஆக, நான் கோபத்தோடு நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். திருவண்ணாமலை.

ரமணரைப் பார்க்க முதலில் வந்த வெள்ளைக்காரர் என்று பிராங்க் ஹம்ப்ரீஸைச் சொல்வார்கள். போலீஸ் அதிகாரி. 1911-இல் வேலூரில் பயிற்சிக்கு வந்தவர். அவருக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்த முன்ஷி நரசிம்மையா. ரமணரின் சீடர் காவ்யகண்ட கணபதி முனியிடம் அவர் போனது நரசிம்மையா வழியாக. கணபதி முனி வழியாக ரமணர் இருந்த விரூபாட்ச குகை. ஹம்ப்ரீஸின் கடிதங்கள் லண்டன் பத்திரிகையில் வந்து, ரமணரைப் பற்றி மேற்கு முதன்முதலாகக் கேள்விப்பட்டது. சங்கிலியின் நடுக்கண்ணியான முன்ஷியை ரமண பக்தர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். வெளியே யாருக்கும் தெரியாது.

அப்புறம் பிரண்டன். இயற்பெயர் ரபேல் ஹர்ஸ்ட், பத்திரிகைக்காரர். 'இரகசிய இந்தியாவில் ஒரு தேடல்' 1934-இல் வந்தது. முன்னுரை எழுதியவர் சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பெண்ட். 1904-இல் பட்டாளத்தோடும் துப்பாக்கியோடும் லாசாவுக்குள் நுழைந்த அதே யங்ஹஸ்பெண்ட். நம் இளைஞர் இந்த ஒரு விவரத்தைச் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ரகசியத்தைத் திறக்கும் புத்தகத்துக்கு, மூடிக்கிடந்த ஊரைத் துப்பாக்கியால் திறந்தவர் வாழ்த்துரை.

பிரண்டன் திருவண்ணாமலைக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. செங்கல்பட்டில் முகாமிட்டிருந்த காஞ்சி சங்கராசாரியாரிடம் அவரை அழைத்துப்போனவர் கே.எஸ். வேங்கடரமணி. மகரிஷியைப் பார்க்காமல் தெற்கை விட்டுப் போக வேண்டாம் என்று அங்கேதான் சொல்லப்பட்டது. வேங்கடரமணி யார்? காவிரிப்பூம்பட்டினத்துக்காரர். 'முருகன் ஓர் உழவன்', 'தேசபக்தன் கந்தன்' நாவல்களின் ஆசிரியர். 'பாரதமணி' நடத்தியவர். ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கிவிட்டுத் தமிழுக்கு வந்தவர். உழவனையும் கிராமத்தையும் நாவலின் நடுவில் வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பிடிவாதம் பிடித்தவர். பிரண்டன் அவர் பெயரை மறைக்கவில்லை. நாவலாசிரியர் என்றே சொல்கிறார். ஆனால் கதையில் அவர் ஒரு கதவு. திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறார். அவர் என்ன நினைத்தார், அந்த ஆங்கிலேயரை ஏன் அழைத்துப் போனார், திரும்பும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. தேச விடுதலையை நாவலாக்கிய ஒருவர், ஆள்கிற இனத்து ஆள் ஒருவரைக் குருவிடம் கைபிடித்து அழைத்துப் போகிறார். எவ்வளவு பெரிய நாவல் அதற்குள் இருக்கிறது! அதை எழுத வேண்டியது பிரண்டனா? நாம்தானே? நம் இலக்கிய வரலாறுகளில் வேங்கடரமணிக்குக் கிடைப்பது நாலு வரி. பிரண்டன் எழுதாமல் விட்டதைவிட நாம் மறந்தது அதிகம்.

ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-இல் ரமணரைப் பார்க்க வந்தார். ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார். அதை வைத்துப் பக்தர்கள் ஒரு கதை கட்டினார்கள். ஆசிரமத்தில் தங்கியிருந்த மேஜர் சாட்விக் வேறு மாதிரி எழுதினார். மாமும் பின்னால் தன் பங்குக்கு ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மயக்கத்துக்கு இத்தனை உரையாசிரியர்கள். 1944-இல் 'தி ரேசர்ஸ் எட்ஜ்' வந்தபோது குருவின் ஆசிரமம் திருவிதாங்கூருக்குப் போய்விட்டது. கதாநாயகன் லாரி மலைமேல் ஒரு வனத்துறை பங்களாவில், விடியற்காலையில் ஞானம் பெறுகிறான். எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். மாம் வந்த காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர்தான். மலையைக் குடைந்து ரயில் வந்து அப்போதே முப்பது நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மாம் எழுதுகிற மலை, சுரண்டையில் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போட ஏறினால் மேற்கே நீலமாகத் தெரிகிற மலைத்தொடரின் ஏதோ ஒரு மடிப்பு. அந்த பங்களாவுக்குச் சாவி வைத்திருந்த காவல்காரன், அரிசி சுமந்து ஏறிய ஆள், இவர்களைப் பற்றி நாவலுக்குக் கவலை இல்லை. தனிமை என்றால் வெள்ளைக்காரன் மட்டும் இருப்பது என்று அர்த்தம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. என் வாதத்துக்கே அது கொஞ்சம் இடைஞ்சல். ஐரிஷ் மிஷனரி ஆமி கார்மைக்கேல். டோனாவூர் அம்மா. 1903-இல் வந்த அவருடைய 'உள்ளது உள்ளபடி' என்கிற மாதிரித் தலைப்புள்ள புத்தகம் நெல்லைச் சீமையை இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடக்கிற போர்க்களமாகவே பார்க்கிறது. கோயில் என்றாலே அவருக்குப் பகை. காலனிய எழுத்துக்கு உதாரணம் கேட்டால் யாரும் முதலில் கை நீட்டுவது அங்கேதான். ஆனால் அதே பெண்மணி 1918-இல் தன்னோடு உழைத்த பொன்னம்மாள் என்ற தமிழ் விதவையைப் பற்றி முழுசாக ஒரு புத்தகம் எழுதினார். நெய்யூரில் கைக்குழந்தைகளை வளர்த்த பொன்னம்மாள், 1915-இல் நோயில் இறந்த பொன்னம்மாள். தலைப்பிலேயே அவர் பெயர். நம் ஞானத்தை மெச்சி வந்த எந்தத் தேடலாளராவது தன் வழிகாட்டிக்கு ஒரு புத்தகம் எழுதினாரா? நம்மை இருட்டு என்றவர் எழுதியிருக்கிறார். 'காலனியப் பார்வை' என்கிற சீட்டை இந்தச் சாக்கில் எப்படி ஒட்டுவது என்று கூட்டத்து இளைஞர்தான் சொல்ல வேண்டும்.

நான் விரும்பிப் படிக்கிற ஒரே ஆள் அபிஷிக்தானந்தா. பிரெஞ்சு பெனடிக்டின் துறவி ஆன்ரி லெசோ. குளித்தலையில் பாதிரி மோன்ஷனனோடு 1950-இல் சாந்திவனம் ஆசிரமம் தொடங்கியவர். அருணாசலத்துக் குகைகளில் இருந்தவர். தமிழ் படித்தார். இதுதான் விஷயம். திருக்கோயிலூர் தபோவனத்து ஞானானந்தரை 1955-இல் பார்த்ததை அவர் எழுதிய புத்தகத்தில் தன்னையே வன்யா என்று படர்க்கையில் வைத்துக்கொள்கிறார். பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறான். மொழி தெரிந்ததால் குருவைச் சுற்றி நிற்கிறவர்களின் பேச்சும் காதில் விழுகிறது. ஊர் ஜனம் உள்ளே வருகிறது, சோறு வருகிறது, வண்டி வருகிறது. அவர் கிறிஸ்தவத்துக்கும் அத்வைதத்துக்கும் நடுவில் சாகும்வரை தவித்தவர். அந்தத் தவிப்பை மறைக்கவில்லை. பிரண்டனிடம் விடை இருக்கிறது, இவரிடம் வலி இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 'ஈட் ப்ரே லவ்' 2006-இல் வந்தது. விவாகரத்து, இத்தாலிச் சாப்பாடு, இந்திய தியானம், பாலியில் காதல். யாத்திரை இப்போது ஒரு பேக்கேஜ். அதில் வழிகாட்டிக்குச் சம்பளமாவது ஒழுங்காகக் கிடைக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் போனால் நியாயமில்லை. நானும் ஒரு நாள் துபாஷியாக நின்றவன். சில வருஷத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில், நண்பர் ஒருவர் ஓர் ஐரோப்பியரை என்னிடம் அனுப்பிவைத்தார். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். சுரண்டையிலிருந்து பஸ்ஸில் தென்காசி, அங்கிருந்து ஐந்தருவி. எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி ஒருவரிடம் உட்கார்ந்தார். நல்லெண்ணெய் வாசம், சாரல், கல்லில் கால் வைத்தால் வழுக்கல். "இவர்கள் எதற்காக அருவியில் நிற்கிறார்கள் என்று கேள்" என்றார் விருந்தாளி. கேட்டேன். அண்ணாச்சி முதுகில் தட்டிக்கொண்டே, "சூடு தணியும்லா" என்றார்.

சூடு என்றால் உடம்புச் சூடு. கண் எரிச்சல், வயிற்றுவலி, நீர்க்கடுப்பு. எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். எனக்கு அந்த நேரத்தில் சரியான இங்கிலீஷ் வரவில்லை. கொஞ்சம் அழகாகவும் சொல்லலாமே என்று ஓர் ஆசை. "உள்ளே எரிகிற நெருப்பு அணையும் என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். ஐரோப்பியர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஈரக் கையோடு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. அதில் அருவிக்கரையில் ஒரு முதியவர் இருக்கிறார். புரியாத மொழியில் ஒற்றை வாக்கியம் சொல்கிறார். உள்நெருப்பைப் பற்றிய வாக்கியம். நான் இல்லை. எண்ணெய்க் கிண்ணமும் இல்லை.

யார் யாரை ஏமாற்றியது? அவர் நான் சொன்னதைத்தானே எழுதினார். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதைக் கொடுத்தவன் நான். நானூறு வருஷமாக எத்தனை பத்மநாபன்கள், முன்ஷிகள் இப்படிக் கொஞ்சம் மெருகேற்றிக் கொடுத்திருப்பார்கள்? மேற்கத்தியர் எழுதிய 'கிழக்கு' என்பதில் பாதி அவர்கள் கண்டது என்றால், மீதி துபாஷி கொடுத்தது. சிலது பயத்தில், சிலது பெருமையில், சிலது நாலு காசுக்காக, சிலது என்னை மாதிரி வெறும் ஆசையில். காலனியப் பார்வை என்று சொல்லும்போது இந்தப் பங்கும் மறைந்துபோகிறது. நம்மை ஒன்றும் தெரியாத அப்பாவிகளாக்கிவிடுகிறது. அதுதான் அந்தச் சீட்டின்மேல் எனக்குள்ள பெரிய வழக்கு.

தமிழில் வழிகாட்டியைப் பேசவைக்க ஒரு வழி பழசாகவே இருக்கிறது. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். புனித இடத்துக்குப் போவதைப் பாடுகிற நம் பழம்பாட்டான திருமுருகாற்றுப்படையில் பேசுகிறவன் வழிகாட்டி. போகிறவன் வாய் திறப்பதில்லை. மலைபடுகடாத்தில் பரிசில் பெற்று வருகிற கூத்தன், போகிற கூத்தனுக்கு மலைவழி சொல்கிறான்: பன்றிக்கு வைத்த பொறி இங்கே இருக்கும், கவண்கல் அந்தப் பக்கமிருந்து வரும், பாம்பு கிடக்கும், பார்த்துப் போ. மேற்கத்திய யாத்திரைக் கதையில் போகிறவன் கதாநாயகன். நம் மரபில் போய்வந்தவன். குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லுகிற வாய் குறத்தியின் வாய். வசந்தவல்லி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கவிதை ரசிகர் டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜாஜியையும் கல்கியையும் அருவிக்கும் கவிதைக்கும் ஒருசேர ஆற்றுப்படுத்தியதும் இந்த மரபில்தான்.

ஆகவே இனி இந்தத் துறையில் எழுத வருகிறவர்கள் பிரண்டனை இன்னொரு முறை கூண்டில் ஏற்றுவதை விட்டுவிட்டு, வேங்கடரமணியின் வாயால் செங்கல்பட்டிலிருந்து திருவண்ணாமலைக்கு வழி சொல்லிப் பார்க்கட்டும். நரசிம்மையாவின் தெலுங்குப் பாடம் எப்படி நடந்தது என்று எழுதட்டும். பொன்னம்மாள் டோனாவூர் அம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? மதிப்பெண் போடுகிற ஆய்வேடுகளுக்கு இது ஒத்துவராமல் போகலாம். இலக்கியத்துக்கு ஒத்துவரும்.

என் பங்குக்கு ஒரு பாக்கி இருக்கிறது. ஐந்தருவி அண்ணாச்சி அன்று சொன்னது "சூடு தணியும்லா" என்பதோடு முடியவில்லை. மீதியை நான் மொழிபெயர்க்கவில்லை. விருந்தாளி அதற்குள் நோட்டில் மூழ்கிவிட்டார். நினைவிலிருந்து எழுதுகிறேன்: "எண்ணெயோட நேரே போய் நிக்காதீங்க, கால் மணி நேரம் ஊறட்டும். முதல் விழுதுக்குக் கீழே பாசி, வழுக்கும். கம்பியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. கண்ணாடியக் கழட்டிக் கையிலே வச்சிருந்தா அடிச்சிட்டுப் போயிரும், எங்கிட்ட குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. தண்ணி நிறம் மாறுச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது, மேலே மழை, உடனே வெளியே வந்திரணும்."